பூட்டைத் திறக்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே செங்கல்பட்டு. இலங்கைத் தமிழர்களை அடைத்துவைத்த ‘சிறப்பு முகாம்’ ஒன்று பல ஆண்டுகள் அங்கே இயங்கியது. விடுதலை கேட்டு அங்கிருந்தவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்தார்கள். இன்று திருச்சி மத்திய சிறை வளாகத்தில் உள்ள சிறப்பு முகாமிலும் அதே கோரிக்கைதான் எழுகிறது.

இரண்டு வகை முகாம்கள்

1983 முதல் 2012 வரை தமிழகம் வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர். 2021 கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையத்தில் பதிவுசெய்து வெளியே 34,087 பேரும் வாழ்ந்தார்கள்.

சாதாரண முகாமில் இருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகலாம், படிக்கலாம். ஆனால் ‘செக்கிங்’ எனப்படும் ஆள் சரிபார்ப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் அரசு தரும் பணக்கொடைக்குச் சிக்கல். ஒரகடத்திலோ மறைமலை நகரிலோ தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தாலும், முகாம் தொலைவில் இருந்தால் அதை ஏற்பது எளிதல்ல. சிறப்பு முகாமோ முற்றிலும் பூட்டிய இடம்.

எந்தச் சட்டம்?

வெளிநாட்டவர் எங்கே தங்க வேண்டும் என்று அரசு உத்தரவிட, 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் அதிகாரம் தந்தது. 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த அதிகாரம் தொடர்கிறது. சிறப்பு முகாமில் வைக்க நீதிமன்றத் தண்டனை தேவையில்லை. நிர்வாக உத்தரவு போதும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் விடுவித்த இலங்கையர் நால்வரும் சிறையிலிருந்து திருச்சி முகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் சாந்தன் 2024 பிப்ரவரியில் ஊர் திரும்பாமலே இறந்தார்.

எவை தளர்ந்துள்ளன?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 7,469 வீடுகள் உள்ளிட்ட 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. முகாம்களின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-இல் மத்திய அரசு விலக்களித்தது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் குடியுரிமையோ, விரும்பிய ஊரில் தங்கும் உரிமையோ இவற்றால் வந்துவிடவில்லை.

வேறு நாடுகளில்?

எல்லையோர முகாம்களில் பல பத்தாண்டுகளாக அடைபட்டிருந்த மியான்மர் அகதிகள் வெளியே சட்டப்படி வேலை செய்ய, 2025 ஆகஸ்டில் தாய்லாந்து அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தியாவைப் போலவே தாய்லாந்தும் 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடுதான்.

என்ன செய்யலாம்?

அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர், தனிமனிதச் சுதந்திரப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உண்டு. அகதிகளாக வந்த சக்மாக்களின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. சிறப்பு முகாமில் இருப்பவர்கள்மீது பாதுகாப்பு குறித்த ஐயம் இருந்தால் அரசு ஒவ்வொருவரின் வழக்கையும் தனித்தனியே, காலவரம்பு வைத்து ஆராயட்டும். மற்றவர்கள் காவல் நிலையத்தில் பதிவுசெய்துகொண்டு உறவினரோடு வாழட்டும். சாதாரண முகாம்களில் செக்கிங் நாள் வேலைக்கும் படிப்புக்கும் குறுக்கே நிற்க வேண்டாம்.

நிர்வாக உத்தரவால் போட்ட பூட்டை நிர்வாக உத்தரவாலேயே திறக்கலாம். நாற்பது ஆண்டுகள் காத்திருந்தவர்களை இனியும் காக்கவைக்க அரசுகளுக்கு நியாயம் எதுவும் இல்லை.