மணியடித்துப் பேசும் ஸ்டேஷன்கள்

நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் உள்ள ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒரே ரயிலுக்குப் பொறுப்பானவர்கள். வேலை நேரத்தில் ஒருவரையொருவர் பார்க்க வழியில்லை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலான பாதை 1979-ல் ஒற்றைப் பாதையாகத்தான் திறக்கப்பட்டது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் புறப்பட்டுவிடக் கூடாது. அதைத் தடுப்பதற்காக இந்திய ரயில்வே வைத்திருப்பதுதான் பிளாக் கருவி. பக்கத்து ஸ்டேஷனில் இருக்கும் ஜோடிக் கருவியோடு கம்பிவழி இணைந்த பெட்டி அது.

அதில் ஒரு மணி உண்டு. ஒரு முறை அடித்தால், "கவனியுங்கள், போனை எடுங்கள்." இரண்டு முறை அடித்தால், "லைன் கிளியர் கிடைக்குமா?" மூன்று முறை என்றால் ரயில் புறப்பட்டுவிட்டது, நான்கு என்றால் வந்து சேர்ந்துவிட்டது. ஆறு முறை அடித்தால் ஆபத்து. பாறசாலையின் ஒரு பக்கம் நெய்யாற்றின்கரை, மறுபக்கம் மாநில எல்லைக்கு அப்பால் குழித்துறை. எந்தப் பக்கத்து அழைப்பு என்று திரும்பிப் பார்க்காமலே தெரிய வேண்டும் என்பதால், இரண்டு பக்கத்து மணிகளுக்கும் வெவ்வேறு ஒலி வைப்பார்கள்.

கேட்டவர் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடிக்க வேண்டும். அப்போதுதான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. தொலைவில் இருப்பவர்களை இணைக்க இன்று செய்யப்படும் எத்தனையோ விளக்குகளிலும் மணிகளிலும் இந்தப் பதில் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. இந்தக் குறை புதிதல்ல. 1995-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கலைஞர் நடாலி ஜெரமிஜென்கோ கூரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கயிற்றைத் தொங்கவிட்டார். கணினி வலையமைப்பில் போக்குவரத்து கூடக்கூட, ஒரு சிறு மோட்டார் அதை வேகமாகச் சுழற்றும். அழகான வேலை. ஆனால் அலுவலகத்தில் யாராவது அதைக் கவனித்தார்களா என்பது கயிற்றுக்குத் தெரியாது.

பிளாக் கருவி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1874-ல் இங்கிலாந்தின் தார்ப் அருகே, தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. செய்தி மட்டும் போதாது, பூட்டும் வேண்டும் என்பது அதோடு உறுதியானது. 1878-ல் எட்வர்ட் டயர் அதற்கொரு கருவியைச் செய்தார். நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய நீல் பந்து டோக்கன் கருவியும் அதே வழியில் வந்ததுதான். அடுத்த ஸ்டேஷன் சம்மதித்து மின்சாரம் அனுப்பினால்தான் எஃகுப் பந்து வெளியே வரும். வந்த பந்து ஏதாவதொரு முனையில் உள்ளே போகும்வரை இரண்டு பெட்டிகளும் அடுத்த பந்தைத் தராது. பாதையில் செல்வதற்கான அனுமதியாக அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு எஞ்சின் ஓட்டுநரிடம் நீட்டுவார்கள்.

ரயில் வந்ததும் உடனே நான்கு முறை மணி அடித்துவிட முடியாது. கடைசிப் பெட்டியின் பின்னால் அதற்குரிய பலகையோ விளக்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெட்டிகள் கழன்று வழியிலேயே நின்றுவிட்டிருக்கலாம். அப்போது அடிக்க வேண்டியது ஆறு.