ஒளியைக் கற்கும் இரண்டு ஆண்டுகள்

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த கீழ்க்கட்டளையில் வசிக்கும் ஒரு குடும்பத்துப் பிள்ளை, பி.எஸ்ஸி. பௌதிகத்தையோ மின்னணுப் பொறியியலையோ முடிக்கும் தறுவாயில், குவாண்டம் தொழில்நுட்பமும் ஃபோட்டானிக்ஸும் முதுகலையாகப் படிக்க விரும்புவதாகச் சொன்னால், பெற்றோருக்கு முதலில் உண்டாவது மலைப்பாகவே இருக்கும். விஷயம் இன்னதென்று அறியாமல் சம்மதிப்பதும் சரியன்று. அறியாமல் மறுப்பதும் சரியன்று. ஆகையால் அந்தப் படிப்பின் ஸ்வரூபம் என்ன, அது எத்தகைய மாணவருக்கு உகந்தது, எவ்விடத்தில் கற்பது நலம் என்பவற்றைச் சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம்.

ஒளியை உண்டாக்குவது, வழிநடத்துவது, உருமாற்றுவது, அளப்பது ஆகிய நான்கையும் ஆராயும் சாஸ்திரமே ஃபோட்டானிக்ஸ். நம் வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழையும், கண் மருத்துவமனையில் பார்வையைச் சீர்செய்யும் லேசரும் அதன் பிரயோகங்கள். ஒளியின் மிகச் சிறிய அலகான ஃபோட்டானையோ, ஓர் அணுவையோ, தனித்தனியே கையாண்டு, அவற்றின் விசித்திரமான குணங்களைக் கணிப்பதற்கும், ரகசியச் செய்தி அனுப்புவதற்கும், நுட்பமாக அளப்பதற்கும் பயன்படுத்துவது குவாண்டம் தொழில்நுட்பம். குளிரூட்டும் கருவி எதுவும் வேண்டாமல், தன் நிலை குலையாமல், நெடுந்தூரம் செல்லக்கூடியது ஃபோட்டான் என்பதால், இவ்விரண்டு துறைகளும் இயல்பாகவே ஒன்றை ஒன்று நாடுகின்றன.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சார்லஸ் பென்னெட், ஜில் பிராஸார்ட் என்னும் இரு அறிஞர்கள், தனித்தனி ஃபோட்டான்களைக் கொண்டு இரண்டு பேர் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ளும் முறையை உலகுக்கு அறிவித்த மாநாடு, 1984 டிசம்பரில் நமது பெங்களூரிலேயே நடைபெற்றது. அறியாத குவாண்டம் நிலை ஒன்றை அப்படியே நகல் எடுக்க இயற்கை இடம் தருவதில்லை. ஆதலால் நடுவில் ஒட்டுக்கேட்பவன் ஃபோட்டானைத் தொட்ட மாத்திரத்தில் அதன் நிலை கலைந்து, அவன் செய்கை பிழைகளாக வெளிப்பட்டுவிடும். ஆனால் அவனைத் தடுக்கும் அதே விதி நம்மையும் தடுக்கிறது. தொலைத்தொடர்பில் வழங்கும் 1550 நானோமீட்டர் ஒளி, நல்ல இழையில் 50 கிலோமீட்டர் சென்றால் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையேயுள்ள சுமார் 150 கிலோமீட்டரைக் கடந்தால் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சும். சாதாரணச் செய்தியானால் வழியில் பெருக்கிக்கொள்ளலாம். நகல் எடுக்க முடியாத ஒற்றை ஃபோட்டானைப் பெருக்குவது எங்ஙனம்? காப்பாற்றுவதும் தடையாவதும் ஒரே விதியாக இருக்கும் இந்த இக்கட்டை விடுவிக்க விரும்புகிறவன், அந்த விதியின் கணிதத்தையும் அறிந்திருக்க வேண்டும், இழையையும் உணர்கருவியையும் கையாளவும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டமும் அவ்வாறே இருமுகம் கொண்டது. முதற்பருவங்களில் நேரியல் இயற்கணிதம், குவாண்டம் இயக்கவியல், மின்காந்தக் கொள்கை, லேசர் பௌதிகம் ஆகியவற்றையும், பின்னர் குவாண்டம் ஒளியியல், குவாண்டம் தகவல், சிலிக்கான் சில்லுகளில் ஒளிவழி அமைத்தல் ஆகியவற்றையும் கற்பிக்கிறார்கள். ஆனால் இப்படிப்பின் ஜீவன் பரிசோதனைச் சாலையில் இருக்கிறது. 405 நானோமீட்டர் ஊதா லேசர் ஒளியைத் தக்க படிகமொன்றின் வழியே செலுத்தினால், மிக அபூர்வமாக ஒரு ஃபோட்டான் மறைந்து, அதன் சக்தியைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு 810 நானோமீட்டர் ஃபோட்டான்கள் பிறக்கும். உரிய அமைப்பில் பிறந்த இந்த இரட்டையர்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் தளவிளைவையும், அதாவது அதிரும் திசையையும், பல கோணங்களில் அளந்து, இரண்டு முடிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஓர் எண்ணாகக் கணிக்கிறான் மாணவன். ஃபோட்டான்கள் தமக்குரிய விடையைப் பிறக்கும்போதே சுமந்துவருபவையாயின் அந்த எண் 2-ஐத் தாண்டக் கூடாது. குவாண்டம் சித்தாந்தமோ 2.83 வரை போகலாம் என்கிறது. கண்ணாடிகளைப் பொறுமையாகச் சீர்செய்து, இரண்டைத் தாண்டிய எண்ணைத் தன் கையாலேயே பெறும் மாணவன், இயற்கையைப் பற்றி அதுவரை புத்தகச் செய்தியாக இருந்ததைத் தன் சொந்த அநுபவமாக்கிக்கொள்கிறான். இத்தகைய பரிசோதனைகளை முன்னின்று நடத்திய ஆலன் ஆஸ்பே, ஜான் கிளவ்ஸர், ஆன்டன் ஸைலிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்த வித்தை நம் பிரதேசத்துக்குப் புதிதன்று. கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்த இ. சி. ஜி. சுதர்சன், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1951-இல் ஆனர்ஸ் முடித்து, மறு ஆண்டு சென்னைச் சர்வகலாசாலையின் முதுகலைப் பட்டத்தைப் பெற்றார். எத்தகைய ஒளியாயினும் அதன் குவாண்டம் நிலையை எப்படி எழுதிக் காட்டுவது என்பதற்கு 1963-இல் அவர் வகுத்த முறை, இன்றும் குவாண்டம் ஒளியியலின் அஸ்திவாரங்களில் ஒன்று. பிற்காலத்தில் தரமணியிலுள்ள கணித விஞ்ஞான நிறுவனத்தின் இயக்குநராகவும் அவர் விளங்கினார். அவர் படித்த காலத்தில் 'குவாண்டம் தொழில்நுட்பம்' என்ற பெயரில் பட்டம் எதுவும் இல்லை. பௌதிகத்தையும் கணிதத்தையும் ஆழமாகக் கற்ற சாதாரண முதுகலையே அவருக்கு அடித்தளமாயிற்று. பட்டத்தின் பெயரில் மயங்குவோர் இதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

இன்று வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகம் 2021-இல் குவாண்டம் தொழில்நுட்பத்தில் எம்.டெக். படிப்பைத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ.6,003.65 கோடி மதிப்பில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களுள் குவாண்டம் செய்தித்தொடர்புக்கான மையம், கீழ்க்கட்டளையிலிருந்து நகரப் பேருந்திலேயே போய்வரக்கூடிய தூரத்திலுள்ள சென்னை ஐ.ஐ.டி.க்கு வாய்த்திருக்கிறது. கொச்சி சர்வகலாசாலையின் ஃபோட்டானிக்ஸ் பள்ளி 1995 முதல் நடந்துவருகிறது. கடல் கடந்து செல்ல விரும்புவோருக்கு, ஒளியியலுக்குப் பேர்போன ஜெர்மனியின் யேனா நகரம் உண்டு. உள்நாட்டில் பொறியியல் முதுகலைக்குக் 'கேட்' தேர்வும், ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்ஸி. படிப்புக்கு 'ஜாம்' தேர்வும் வாயில்கள்.

விரைவில் பெருஞ்சம்பளம் கிட்டும் என்ற ஒரே எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு இப்படிப்பு ஏமாற்றமளிக்கலாம்; இத்துறையின் நல்ல வேலைகளில் பல, முனைவர் பட்டத்தையும் எதிர்பார்க்கின்றன. எனினும் குவாண்டம் கணினிக்குரிய காலம் தாமதமாகவே வந்தாலும், ஒளியியலைக் கற்றவன் கைவிடப்படுவதில்லை; இழைத் தொடர்பும், லேசர்க் கருவிகளும், உணர்கருவிகளும் இன்றே அவனை வேண்டி நிற்கின்றன. கணிதத்தில் களைப்படையாத மனமும், கருவியோடு மன்றாடச் சலிக்காத கையும் ஒருங்கே உடையவர் எவரோ, அவருக்கே இது உரியது. ஆகையால் சேர்க்கைக்காகச் செல்லும் பெற்றோர் கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் விசாரிப்பதற்கு முன், முதலாண்டு மாணவர்கள் தம் கையாலேயே லேசரைச் சீர்செய்து ஃபோட்டான்களை எண்ணும் மேஜை அங்கே உண்டா என்று கேட்கட்டும். அதைக் காட்ட இயலாத கல்லூரி, குவாண்டம் என்னும் பெயரைப் பட்டத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் பொறித்திருந்தாலும், அந்தப் பெயருக்குரிய கல்வியில் பாதியைத்தான் கொடுக்க முடியும்.