எல்லோரும் எழுதும் கலைக்களஞ்சியம்



முதலில் என்னைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பள்ளி வேலை முடிந்தபின், மாலை வேளைகளில் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் எழுதி வருகிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது. "அப்புறம் எதுக்குய்யா ராத்திரியில கண்ணைக் கெடுத்துக்கிறே?" என்று என் தாயார் ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலே இன்றைய பேச்சு.

கலைக்களஞ்சியம் என்பது பல துறைச் செய்திகளையும் ஓரிடத்தில் திரட்டித் தரும் நூல். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழில் உருவாக்கிய கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அறிஞர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் படித்தார்கள்.

விக்கிப்பீடியா வேறு வகை. 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கி, 2003-இல் தமிழுக்கும் வந்தது. 2017-இல் தமிழ்க் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. படிக்கக் கட்டணம் இல்லை. எழுதப் பட்டமும் தேவையில்லை. பக்கத்தில் 'தொகு' என்னும் சொல்லைத் தொட்டால், பிழையைத் திருத்தலாம். புதிய செய்தியைச் சேர்க்கலாம்.

"யார் வேண்டுமானாலும் எழுதினால் பொய் புகுந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் அங்கே பதிவாகிறது. தவறு என்று கண்டால் பழைய நிலைக்கே திருப்பிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதும் செய்திக்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் இடறினேன். பிறந்த தோட்டத்தைப் பற்றி நினைவிலிருந்தே எழுதினேன். மறுநாள், முகம் அறியாத தொண்டர் ஒருவர், "இதற்கு அச்சான சான்று உண்டா?" என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அங்கேயே பிறந்தவனிடம் சான்றா? பிறகு யோசித்தேன். என் வாய்ச்சொல்லை ஏற்றால், நாளை பொய் சொல்பவரின் வாய்ச்சொல்லையும் ஏற்க வேண்டி வருமே!

சான்று தேடினேன். தோட்டமோ துண்டாடப்பட்டுவிட்டது. லயங்கள் நின்ற இடத்தில் இன்று கடைவீடுகள். கடைசியில், தாயாரின் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், பழைய பள்ளி ஆண்டுவிழா மலர் ஒன்று கிடைத்தது. பள்ளி தொடங்கிய ஆண்டும் தலைமையாசிரியர்களின் பெயர்களும் அதில் இருந்தன. நான் எழுதியதில் பாதியை நீக்க வேண்டியதாயிற்று. மலரில் கண்டவை மட்டும் நிலைத்தன.

தாய்மார்களே, பெரியவர்களே! தோட்டம் விற்கப்பட்டால் அதன் பெயரும் மெல்ல மறைந்துவிடும். பத்திரிகைகளும் என்றும் இருப்பதில்லை. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோயிற்று. ஆகவே கோயில் திருவிழா மலர், பள்ளி மலர், சங்க அறிக்கை, பத்திரிகைத் துண்டு எதையும் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துண்டுகளில் பத்திரிகையின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். வீட்டில் கைப்பேசி பார்க்கும் பிள்ளையிடம், "நம் ஊரைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தித் தொடங்கினாலும் போதும்.

என் தாயாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்தக் கட்டுரையைக் காட்டியபோது, எங்கள் தோட்டத்தின் பெயரை விரல் வைத்துப் படித்தார். அதன்பின் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.