டாக்டர் பலகை தொங்கும் வீடு: எதுவரை அனுமதி?

கிழக்கு டெல்லியில் எங்கள் காலனி குடியிருப்போர் சங்கத்தின் காகித வேலைகளை நான்தான் பார்க்கிறேன். ஆண்டுதோறும் தவறாமல் வரும் புகார் ஒன்று உண்டு. “அந்த வீட்டில் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். இது குடியிருப்புப் பகுதி, மூடச் சொல்லுங்கள்.” தனியாக வசிக்கும் முதியவர்கள் கூப்பிட்டுச் சொல்வது இதற்கு நேர்மாறாக இருக்கும். “அந்த டாக்டரை மட்டும் எங்கேயும் போகவிட்டுடாதேம்மா.” இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். டாக்டர் தன் வீட்டில் நோயாளிகளைப் பார்ப்பது வேறு, வீட்டையே மருத்துவமனையாக மாற்றுவது வேறு. சட்டமும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது.

டாக்டரின் வேலையை வியாபாரமாகக் கருதாத பார்வை பழையது. தேவேந்திர சுர்த்தி என்ற மருத்துவர் குஜராத் அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-இல் தீர்ப்பளித்தது. பம்பாய் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்படி ஒரு டாக்டரின் சொந்த டிஸ்பென்சரி வணிக நிறுவனம் ஆகாது என்றது. சொந்த அறிவையும் திறமையையும் கொண்டு செய்யும் தொழிலை வியாபாரத்தோடு சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். அது நிலப் பயன்பாடு பற்றிய வழக்கு அல்ல. ஆனாலும் டாக்டர், வக்கீல் போன்றவர்களின் வேலையைக் கடை வியாபாரத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் அதே சிந்தனைதான் நகரத் திட்டத்திலும் இருக்கிறது.

டெல்லியில் இந்தக் கேள்வி தெருவுக்கே வந்தது 2006-இல். குடியிருப்புப் பகுதிகளில் அனுமதியின்றி நடக்கும் வணிகத்துக்குச் சீல் வைக்க அந்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன, நகரம் கொந்தளித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 7 அன்று டெல்லியின் நகரத் திட்டமான ‘மாஸ்டர் பிளான் 2021’ அறிவிக்கப்பட்டது. அதில் குடியிருப்புப் பகுதியில் மூன்று வகைப் பயன்பாடுகள் தனித்தனியாக வரையறுக்கப்பட்டன: ஒன்று, சில்லறைக் கடைகள்; இரண்டு, தொழில்முறைப் பணிகள்; மூன்று, நர்சிங் ஹோம், விருந்தினர் இல்லம் போன்ற மற்றவை.

டாக்டர், வக்கீல், கட்டடக் கலைஞர், சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் ஆகியோர் இரண்டாவது வகையில் வருகிறார்கள். தனி வீடானாலும் அடுக்குமாடியானாலும் அங்கே தொழில் நடத்தலாம். ஆனால் அந்த வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட கட்டடப் பரப்பில் 50 சதவீதத்துக்கு மேல் அதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மீதிப் பாதியாவது வீடாகவே இருக்க வேண்டும். இந்த விதியை நான் மதிக்கிறேன். சமையலறையும் படுக்கையறையும் உள்ள கட்டடத்தில் இரவில் விளக்கு எரியும், ஆள் நடமாட்டம் இருக்கும். முழுக்கவே கிளினிக்காகிவிட்ட வீடு, கடைசி நோயாளி போனதும் பூட்டிக் கிடக்கும்.

படுக்கை போட்டு நோயாளிகளைத் தங்க வைத்தால் அது நர்சிங் ஹோம். அதற்கு மனையின் அளவு, தெருவின் அகலம் எல்லாம் பார்க்கப்படும், கட்டணமும் உண்டு. 100 சதுர மீட்டர் கட்டடத்துக்கு இரண்டு கார் வீதம் உள்ளேயே நிறுத்த இடம் விட வேண்டும், முடியாவிட்டால் வாகன நிறுத்தம் அமைக்கும் செலவை மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். தெரு அகலத்தை ஏன் பார்க்கிறார்கள் என்பதை எங்கள் சந்தில் நின்றால் புரிந்துகொள்ளலாம். இருபுறமும் கார்கள் நிற்கும்போது ஆம்புலன்ஸ் திரும்ப முடியாது.

கழிவு விஷயத்தில் சின்னக் கிளினிக்குக்கும் விலக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் படுக்கை இல்லாத கிளினிக்குக்கும் பொருந்தும். மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒருமுறை அனுமதி பெற வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், குழாய்கள் சிவப்புப் பையில், ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியில். இவை வீட்டுக் குப்பையோடு கலந்தால் முதலில் கையில் ஊசி குத்துவது நம் துப்புரவுப் பணியாளருக்குத்தான். பலகையைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை.

ஊருக்கு ஊர் அளவுகள் மாறும். சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலும் (சி.எம்.டி.ஏ.) தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கும் கேட்க வேண்டியவை இவையே. வீட்டில் எவ்வளவு இடம் கிளினிக்? படுக்கை உண்டா? வண்டிகள் எங்கே நிற்கின்றன? கழிவை யார் எடுத்துப் போகிறார்கள்?

புகார் எழுதும் முன் டாக்டரிடமே போய் இவற்றைக் கேளுங்கள் என்றுதான் எங்கள் உறுப்பினர்களிடம் சொல்கிறேன். பதில் சரியாக இருந்தால் சங்கம் அவர் பக்கம் நிற்க வேண்டும். சரியில்லாவிட்டால், எது சரியில்லையோ அதை மட்டும் திருத்தச் சொல்லி மாநகராட்சிக்கு எழுத வேண்டும். நடந்துபோகும் தூரத்தில் டாக்டர் இருப்பது முதியவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் பெரிய பலம். விதிப்படி நடக்கும் ஒரு கிளினிக்கைத் தெருவிலிருந்து துரத்துவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.