அடிபட்டும் அமைதியாக இருக்கும் வயிறு

சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளையின் முழங்கால் சிராய்ப்புதான் நம் கண்ணில் முதலில் படும். தொப்புளுக்குச் சற்று மேலே, ஹேண்டில்பார் முனை குத்திய இடத்தில், நாணயம் அளவுக்குச் சிவந்த வட்டத்தை யாரும் சட்டையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு விளையாடப் போய்விடும். வாந்தி மறுநாள் வரும், பச்சையாக.

அந்த வட்டத்துக்கு நேர் பின்னே, இரைப்பைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே, கணையம் குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் தலையை வளைத்துக்கொண்டு சுமார் 25 செ.மீ. நீள முன்சிறுகுடல். ஈரலிலிருந்து இறங்கும் பித்தநாளமும் இங்கேதான் வந்து திறக்கிறது. முன்னாலிருந்து அடி விழுந்தால் கணையத்துக்கு ஒதுங்க இடமில்லை. அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் சிக்கிய பூண்டுப் பல்தான், முதுகெலும்பு அம்மி. 1827-இல் லண்டன் மருத்துவர் பெஞ்சமின் டிராவர்ஸ் கணையக் காயத்தை விவரித்தபோது, இடித்தது கோச்சு வண்டியின் சக்கரம். இன்று அது ஸ்டியரிங், பைக் ஹேண்டில்பார்.

நசுங்கியதைவிடக் கசிவதுதான் பொல்லாதது. கணையம் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் சாறு சுரக்கிறது. கறியைக் கரைக்கும் சாறு. நம் சதையும் அதற்குக் கறிதான். அதனால்தான் உடம்பு அதைத் தூங்கவைத்தே தயாரித்து, முன்சிறுகுடலுக்குள் வந்த பிறகு அங்குள்ள ஒரு நொதியால் எழுப்புகிறது. கணையமும் குடலும் சேர்ந்து கிழிந்தால், தூங்குவதும் எழுப்புவதும் வெளியே கலந்துவிடும்.

கணையமும் முன்சிறுகுடலும் வயிற்றின் பின்சுவரை ஒட்டி மறைந்திருப்பதால், தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்றே இருக்கலாம். முதல் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கணைய நொதியான அமைலேஸ் சரியாகவே காட்டலாம், சி.டி. ஸ்கேனும் ஏமாற்றலாம். ஆகவே மறுபடி மறுபடி பார்ப்பதுதான் வைத்தியம்.

இதை அந்தமான்-நிக்கோபாரில் வைத்து யோசியுங்கள். கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயிலிருந்து, தீவுகளின் பெரிய மருத்துவமனையான ஜி.பி.பந்த் இருக்கும் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 500 கி.மீ.க்கு மேல் கடல். அங்கிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம், கப்பலில் மூன்று நாள். அவசர நோயாளிக்கு ஹெலிகாப்டர் உண்டு. அதற்கு வானமும் ஒத்துழைக்க வேண்டும். மெதுவாக வாய் திறக்கும் காயத்துக்கு இதைவிடப் பொருந்தாத ஊர் இல்லை.

ஆனால், அறுவை மருத்துவம் இதில் கற்ற பெரிய பாடம் அடக்கம்தான்; அது தீவுக்கும் பொருந்தும். சாறு செல்லும் குழாய் அறுபடாத கணையக் காயத்துக்குப் பெரும்பாலும் வடிகுழாயே போதும். வால்பக்கக் குழாய் அறுந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிடுவார்கள்; மிஞ்சிய கணையமே பெரும்பாலும் ரத்தச் சர்க்கரையைச் சமாளித்துக்கொள்ளும். தலைப்பக்கம் சிதைந்து, ஆளும் துவண்டிருந்தால் முதல் நாளே எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட முனையக் கூடாது. ரத்தத்தை நிறுத்தி, ஓட்டையை அடைத்து, வடிகுழாய் வைத்துவிட்டு, ஓரிரு நாளில் மீண்டும் திறப்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு கடலைத் தாண்டிவிடலாம்.

வீட்டில் பிள்ளை சைக்கிளோடு விழுந்தால் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். வட்டம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டி, ‘ஹேண்டில்பார் குத்தியது’ என்று சொல்லுங்கள்.