ஆயாவிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்

பத்தாங் காலி வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தாய்மார் விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடினார்கள். ஆயாவிடம் நிபந்தனை பேச அவசியமிருக்கவில்லை. அவரும் அதே லயத்துக்காரர். தாய் மரம் சீவிய நெரையும் கூப்பிடு தூரம்தான். இன்று தாயும் தகப்பனும் கம்யூட்டர் ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போகிறார்கள்; பிள்ளை தாமான் குடியிருப்பின் வீடொன்றில் வளர்கிறது. அருகாமை அன்று தானாகச் செய்து கொடுத்ததை இன்று வாய்விட்டுப் பேசித்தான் பெற வேண்டும்.

இதற்குத்தான் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரையோ அதற்கு மேலோ கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடம் சமூக நலத் துறையில் பதிவு பெற வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் பார்க்கும் அக்காவின் வீட்டுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அங்கே இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்வதுதான் விதி.

“நாலு பிள்ளை வளர்த்தவருக்கு நாம் பாடம் சொல்வதா?” என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் அனுபவம் இருக்கும் இடத்தில்தான் பேச்சு கூடுதலாகத் தேவைப்படுகிறது, ஏனென்றால் மருத்துவ அறிவுரையே மாறிவிட்டது. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது ஒரு காலத்தில் பல நாடுகளில் நல்ல பழக்கமாகக் கருதப்பட்டது. அப்படிப் படுப்பதில் உள்ள திடீர் மரண அபாயம் தெரிந்தபின், 1990களிலிருந்து மல்லாத்தியே படுக்க வைக்கச் சொல்கிறார்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் ஆகாது. கலக்கிய மாவுப்பாலை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. “டாக்டர் இப்படிச் சொன்னார் அக்கா” என்று தொடங்கினால் அவர் வளர்ப்பில் குறை கண்டதாகாது.

எழுதி வைத்தால் உறவு கெடும் என்பது அடுத்த ஆட்சேபம். உறவைக் கெடுப்பது பெரும்பாலும் எழுதாமல் விட்டதுதான். மாலை ஆறு மணி என்று சொல்லிவிட்டு ஏழரைக்கு வந்தால் கூடுதலாக எத்தனை வெள்ளி? பிள்ளையின் துணி துவைப்பதும் அவர் வேலையா? காய்ச்சல் கண்டால் முதலில் யாரை அழைப்பது? பெற்றோரைத் தவிர யாரிடம் பிள்ளையைக் கொடுக்கலாம்? இவற்றில் பாதிக் கேள்விகள் ஆயாவைக் காப்பவை. கேட்க வாய் வராமல் அவரே மனதில் அடக்கி வைத்திருப்பவை. அதனால் முதல் நாள் உங்கள் பட்டியலை நீட்டுமுன் அவருடையதைக் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து, ஒத்துவராததை மாற்றிக்கொள்ளுங்கள்.