ஏற்றத்தைச் சொல்லும் எண்

நோர்வூட்டுத் தேயிலைக் குன்றில் கூடை சுமந்து ஏறுவோர் சரிவைக் காலால் அறிவர். கணிதமோ அதனைச் சமன்பாட்டில் காட்டும். அண்மையிலுள்ள ஹட்டனை 1884ஆம் ஆண்டில் எட்டிய மலைநாட்டுப் புகையிரதப் பாதை, கடினமான இடங்களில் 44 அடிக்கு 1 அடி உயர்கிறது. கிடைத்தூரம் த அடி, உயரம் உ அடி எனக் கொண்டால், அத்தகைய ஏற்றமொன்றை 44உ − த = 88 என எழுதலாம்.

இதில் 44ஐக் கண்டவுடன் அதுவே படித்திறன் என மாணவர் பலர் மயங்குவர். ஓரடி நகர்வதற்குள் 44 அடி உயரும் பாதையில் எந்த வண்டி ஏறும்? ஆகவே, முதலில் உயரத்தைத் தனியே நிறுத்துதல் வேண்டும்: உ = த/44 + 2. இப்போது தூரத்தின் குணகமாகிய 1/44 படித்திறன். எஞ்சிய 2 தொடக்க உயரம். உயரம் தனித்து நின்ற பின்னரே தூரத்தின் குணகம் ஏற்றத்தை உரைக்கும்.